அணுமின் நிலையம்: இடம் குறிப்பதற்கு முன் எங்கள் மொழியில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தூய வலுசக்திக் கொள்கையில் அணுமின்சாரத்துக்கு இடம் உண்டா என்பது குறித்து அண்மைக் காலமாக வெளிவரும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து வாசித்து வருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பித்தவன் நான். அதோடு, மின்நிலையம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கொழும்பில் இருப்போரின் கண் முதலில் விழுகின்ற திருகோணமலைக் குடாவின் கரையில் வாழ்பவன். இந்த இரண்டு வகையிலும் எனக்குச் சொல்ல வேண்டியவை உள்ளன. கடிதம் சற்று நீளமாகவே அமையும்; பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். காபனீரொட்சைட்டு என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் அணுமின்சாரம் தூயதே. சுரங்கத்தில் யுரேனியம் தோண்டுவதிலிருந்து உலையைக் கட்டி, ஓட்டி, இறுதியில் கழற்றி அகற்றுவது வரைக்கும் சேர்த்துக் கணக்கிட்டால், ஓர் அலகு மின்சாரத்துக்கு அணு உலை வெளியிடுவது ஏறத்தாழ 12 கிராம் என்று காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2014 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. காற்றாலைக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நிலக்கரிக்கோ 820 கிராம். உலகின் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது இன்று அணு உலைகளிலிருந்தே வருகிறது. பிரான்ஸ் தன் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அவ்வாறே பெறுகிறது. 2023 டிசெம்பரில் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் 2050 ஆம் ஆண்டளவில் அணுமின் கொள்ளளவை மும்மடங்காக்குவதாக அறிவித்தன. அதே ஆண்டு ஏப்ரல் 15 ஆம் திகதி ஜேர்மனி தன்னிடம் எஞ்சியிருந்த மூன்று உலைகளையும் மூடிவிட்டது. அறிவும் செல்வமும் நிறைந்த நாடுகளே இவ்விடயத்தில் இரு திசைகளில் நடக்கின்றன என்றால், இதற்கு ஒரே வரியில் விடை இருக்க முடியாது.

நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தின் சாம்பலையும் தூசியையும் அயலவர்கள் அனுபவித்து வருகிறார்கள். ஆகவே அணுவைக் கண்டு அஞ்சுவோர், நிலக்கரியை மட்டும் ஏன் இவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்டோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அணு உலை குண்டுபோல வெடிக்காதா என்று வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பதுண்டு. வெடிக்காது. வழக்கமான மின் உலையில் இடப்படும் எரிபொருளில் பிளவுறும் யுரேனியம் 3 முதல் 5 சதவீதமே. குண்டுக்கு வேண்டிய செறிவுக்கும் அதற்கும் வெகு தூரம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அதனைச் சரியான இடத்தில் காட்டாமல், ஒரு தரப்பு பயத்தை வளர்ப்பதும் மறு தரப்பு அந்தப் பயத்தைப் பழித்துப் பேசுவதுமாக விவாதம் நடப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

உண்மையான ஆபத்து, நிறுத்திய பின்னும் அணையாத சூட்டில் இருக்கிறது. விறகு அடுப்பில் கொள்ளியை இழுத்துவிட்டால் தீ தணிந்துவிடும். அணு உலையில் பிளவுத் தொடர்வினையைச் சில நொடிகளில் நிறுத்திவிடலாம். ஆனால் பிளந்து சிதறிய கருக்கள் தாமாகவே தேய்ந்துகொண்டிருப்பதால், நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தின் 6 முதல் 7 சதவீதம் அப்படியே தொடரும். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்பம் ஏறத்தாழ 3,000 மெகாவாட் என்பதால், அந்த எச்சம் முதலில் 200 மெகாவாட் அளவில் இருக்கும். அது மணிக்கணக்கில் குறைந்து, நாட்கணக்கில் மேலும் குறையும். ஆனாலும் நீரைச் சுற்றவிட்டு அதனை இடைவிடாது வெளியேற்றியாக வேண்டும். நீரைச் சுற்றவிடும் பம்பிகளுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் தரும் நிலையமே மின்சாரத்தை வெளியிலிருந்து எதிர்பார்த்து நிற்கும் அந்த வேளைதான் ஆபத்தான வேளை.

2011 மார்ச் 11 ஆம் திகதி யப்பானின் புகுஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகவே நின்றன. வெளியிலிருந்து வந்த மின்கம்பிகள் அறுந்தன. அதன்பின் ஏறத்தாழ 14, 15 மீற்றர் உயரத்தில் வந்த ஆழிப்பேரலை டீசல் மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்தது. மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. அதே கரையில், நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகே இருந்த ஒனகாவா அணுமின் நிலையமோ, நிலமட்டத்தை முன்கூட்டியே உயர்த்திக் கட்டியிருந்தமையால் தப்பியது. வீடிழந்த அயலவர்கள் சிலர் அந்த நிலைய வளாகத்திலேயே தஞ்சம் புகுந்தார்கள். ஒரே கடல், ஒரே அலை. வேறுபாடு, கட்டியவர்கள் பழைய அலைகளின் வரலாற்றை எவ்வளவு மதித்தார்கள் என்பதில் இருந்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி எங்கள் கரையை அடித்த அதே ஆழிப்பேரலை தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் கடல்நீர்ப் பம்பி நிலையத்தினுள் புகுந்தது. அங்கு ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. சுமாத்திராவில் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் திருகோணமலைக் கடல் எப்படிப் பொங்கி ஊருக்குள் வந்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் இங்கே இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1964 டிசெம்பர்ப் புயலை நானே சிறுவனாக இருந்து பார்த்திருக்கிறேன். இந்தக் கரையில் உலை அமைப்பதைப் பற்றி யார் பேசினாலும், எந்த உயரத்தில், எந்த அலையைக் கணக்கில் எடுத்து என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இனி எங்கள் மின்கட்டமைப்புக்கு வருகிறேன். இதனை நான் விரிவாக எழுதக் காரணம், அணுமின்சாரம் பற்றிய இலங்கை விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி இதுவே என்பதுதான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதைத் தொடர்ந்து நாடு முழுவதும் இருண்டது. ஞாயிறு என்பதால் தேவை குறைவு. வெயில் நன்றாக அடித்ததால் கூரைச் சூரிய மின்சாரம் மிகுதி. கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும் கனத்த சுழலிகள் ஓடியது குறைவு. ஓரிடத்தில் ஏற்பட்ட குலுக்கலைத் தாங்கும் நிலைமம், அதாவது கனத்த சுழலிகளின் ஓட்டம் தரும் உறுதி, கட்டமைப்பில் இருக்கவில்லை. நுரைச்சோலையின் மூன்று பிரிவுகளும் துண்டிக்கப்பட்டன. அவற்றை மீண்டும் இயக்கச் சில நாட்கள் எடுத்தமையால் அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டு நேர்ந்தது. நிலக்கரி நிலையத்துக்கு அது நட்டமும் சிரமமும். அந்த இடத்தில் ஓர் அணு உலை இருந்திருந்தால், நாடு முழுவதும் இருண்ட அந்த மணித்தியாலங்களில் அது தன் எச்சச் சூட்டைத் தணிக்கத் தன் டீசல் மின்பிறப்பாக்கிகளை மட்டுமே நம்பி நின்றிருக்கும். நன்கு கட்டிய நிலையம் அதற்குத் தயாராகவே இருக்கும் என்பது உண்மை. ஆயினும் நாடளாவிய இருள் அடிக்கடி நேரும் கட்டமைப்பில், பாதுகாப்பின் கடைசி அரணை வழக்கமான அரணாக்கிக்கொள்வது முறையன்று. உறுதியான கட்டமைப்பு அணுமின்சாரத்தின் பின் தானாக வரும் வசதி என்று சிலர் எழுதுகிறார்கள். அது முன்னதாகவே நிறைவேற வேண்டிய நிபந்தனை.

அளவும் இதோடு சேர்ந்ததே. ஒரு கட்டமைப்பில் மின்சாரம் பிறப்பிக்கும் எந்தத் தனிப்பிரிவும் மொத்தத்தின் பத்திலொரு பங்குக்கு மிகாதிருப்பது நல்லது என்பது பொறியியலாளர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. அந்தத் தனிப்பிரிவு திடீரென நின்றாலும் மற்றவை தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே காரணம். இலங்கையின் உச்ச நேரத் தேவை ஏறத்தாழ 2,800 மெகாவாட். கூடங்குளத்தில் ஓடுவது போன்ற 1,000 மெகாவாட் உலையை இங்கே இணைப்பது சிறு வள்ளத்தில் பெரிய கப்பலின் பாய்மரத்தை நடுவது போன்றது. ஆகவேதான் 300 மெகாவாட்டுக்கு உட்பட்ட சிறு உலைகள் பற்றிப் பேசப்படுகிறது. அவை காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கின்றன. ரஷ்யாவின் பெவெக் நகரில் ஒரு மிதவையின் மேல் 35 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன; சீனா ஷிதாவ் குடாவில் ஒன்றை 2023 டிசெம்பரில் வணிக இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் நகரசபைகளுக்கெனத் திட்டமிடப்பட்ட சிறு உலைத் தொகுதி, செலவு ஏறியதால் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. பிறர் கட்டி, ஓட்டி, கணக்கை வெளியிட்ட பின் வாங்குவதே கடனில் உள்ள நாட்டுக்குப் பொருத்தமானது. முதல் வாடிக்கையாளராக நிற்கும் வசதி எங்களுக்கு இல்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலை 2005 இல் தொடங்கி, 2009 இல் முடிய வேண்டியது, 2023 ஏப்ரலில்தான் முறையான உற்பத்திக்கு வந்தது. பங்களாதேஷின் ரூப்பூரில் 1,200 மெகாவாட் உலைகள் இரண்டுக்கான செலவு ஏறத்தாழ 12.65 பில்லியன் டொலர். அதில் பத்தில் ஒன்பது பங்கு ரஷ்யக் கடன். இவற்றைவிட என் மனதைத் தைப்பது பிலிப்பைன்ஸின் பட்டான் நிலையம். மார்க்கோஸ் ஆட்சிக் காலத்தில் கடன் வாங்கிக் கட்டி முடித்த 621 மெகாவாட் உலை அது. ஊழல் குற்றச்சாட்டுகளும், பாதுகாப்பு ஐயங்களும், 1986 இல் செர்னோபில் விபத்தும் சேர்ந்து, அது ஒரு நாளும் ஓடவில்லை. ஓர் அலகு மின்சாரமும் தரவில்லை. கடனை மட்டும் அந்நாட்டு மக்கள் 2007 வரை கட்டினார்கள். 2022 இல் தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்து, ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் வாழும் நாம் அந்தக் கதையை மறக்கலாகாது.

கடலைப் பற்றிப் பேசுவதற்கு எங்கள் மாவட்டத்தில் பட்டம் வேண்டியதில்லை. 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் நிலையம் ஏறத்தாழ 2,000 மெகாவாட் வெப்பத்தைக் கடலுக்கோ காற்றுக்கோ விட்டாக வேண்டும். உலை சிறிதானால் அந்த வெப்பமும் சிறிதாகும். ஆனால் உருவாகும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே போகும் என்ற விகிதம் பெரிதாக மாறாது. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது 2003 இல். அங்குள்ள பவளப் பாறைகள் கடல்நீர் ஓரிரண்டு பாகை கூடினாலும் வெளிறிப்போகும் உயிர்கள். கரைவலை இழுப்பவர் நீரின் சூட்டைக் காலால் அறிவார். எந்த மாதம் எந்த மீன் எந்த ஆழத்தில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். சூடான நீர் எத்தனை மீற்றர் தொலைவுக்குப் பரவும், எந்தப் பருவக்காற்றில் எந்தப் பக்கம் போகும் என்பதைக் கணித்துக் காட்டும் ஆய்வில் அவருடைய அறிவும் சேர்க்கப்பட வேண்டும்.

இன்னொரு செய்தியையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன், ஏனெனில் எங்கள் மாவட்டத்தவர் பலர் இதனை அறியார். புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலிலிருந்து இல்மனைட்டு, ரூட்டைல், சேர்க்கோன் என்பன பல பத்தாண்டுகளாகப் பிரித்தெடுக்கப்படுகின்றன. தோரியம் கொண்ட மொனசைட்டும் அம்மணலில் சிறிதளவு உண்டு. சேர்க்கோனிலிருந்து கிடைக்கும் சேர்க்கோனியம் என்ற உலோகத்தின் கலவையால்தான் உலகின் பெரும்பாலான மின் உலைகளில் யுரேனிய எரிபொருளை அடைக்கும் குழாய்கள் செய்யப்படுகின்றன. நியூத்திரன்களை விழுங்காமல் வழிவிடுவது அதன் சிறப்பு. அளவுக்கு மீறிச் சூடேறி நீராவியோடு சேரும்போது ஐதரசனை வெளிவிடுவது அதன் குறை. புகுஷிமாவின் கட்டடக் கூரைகளைப் பெயர்த்தெறிந்தது அந்த ஐதரசனே. எங்கள் மணலை நாங்கள் கழுவிப் பிரித்து ஏற்றுமதி செய்துகொண்டிருக்கிறோம். அதன் இறுதிப் பயன் என்ன என்பதை எங்கள் பிள்ளைகளின் பாடத்தில்கூடச் சேர்க்கவில்லை. அணுசக்தி பற்றிய அறிவை இந்த மாவட்டத்தில் வளர்க்க விரும்புவோர் அந்த மணலிலிருந்து தொடங்கலாம்.

கழிவைப் பற்றி ஒரு சொல். 1,000 மெகாவாட் உலையிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 25 தொன் பயன்படுத்திய எரிபொருள் வெளியேறும். நிலக்கரிச் சாம்பலோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய அளவு. ஆனால் அதிலுள்ள புளுட்டோனியம் பாதியாகத் தேய 24,000 ஆண்டுகள் செல்லும். பின்லாந்து 400 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையைக் குடைந்து அதற்கு இடம் அமைத்திருக்கிறது. உலையை விற்பவரே எரிபொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் இல்லாமல் இலங்கை ஓர் அடியும் முன்னே வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் இன்று செய்ய வேண்டியது என்ன? 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்ததனால் கூரைச் சூரியத் தகடுகளைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு வீட்டுக்காரர்களைக் கேட்க நேர்ந்தது. வெயில் தரும் மின்சாரத்தைப் பகலில் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, இரவு 7 மணிக்கு டீசலை எரிக்கும் நாட்டுக்கு முதல் தேவை சேமிப்பு. மிகுதி மின்சாரத்தால் நீரை மேலேற்றி, வேண்டியபோது கீழே விட்டு மின்சாரம் எடுப்பதற்கென மகா ஓயாவில் திட்டமிடப்பட்டுள்ள 600 மெகாவாட் நீரேற்று நிலையம், பெரிய மின்கலத் தொகுதிகள், கட்டமைப்புக்கு நிலைமம் தரும் சாதனங்கள் ஆகியவை விரைவில் வர வேண்டும். இவை சூரியனுக்கும் காற்றுக்கும் மட்டும் உதவுபவை என்று எண்ண வேண்டாம். இரவும் பகலும் ஒரே அளவில் ஓடுவதையே விரும்பும் அணு உலைக்கும், நள்ளிரவில் தேவை பாதியாகக் குறையும் நாட்டில், இதே சேமிப்பு வேண்டும். ஆகவே அணுமின்சாரத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அடுத்த பத்தாண்டுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே. இந்தியாவுடன் மின்னிணைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2025 ஏப்ரலில் கைச்சாத்தானது. அது நிறைவேறினால் எங்கள் சிறிய கட்டமைப்பு ஒரு பெரிய கட்டமைப்பில் தோள் சாய்க்கலாம். 2050 இல் காபன் சமநிலையை எட்டுவது என்ற இலக்கின் கடைசிப் பகுதிக்கு அணு உலை தேவைப்படலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கான மனிதவளத்தையும் ஒழுங்குமுறையையும் இப்போதே வளர்ப்பது நன்று. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம், அணுசக்தியை ஊக்குவிக்கும் சபையையும் அதனை ஒழுங்குபடுத்தும் பேரவையையும் தனித்தனியே பிரித்து வைத்தது நல்ல தொடக்கம்.

நான் வற்புறுத்த விரும்புவது இதற்கு அடுத்ததை. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் மீளாய்வுக் குழு 2022 ஏப்ரலில் இலங்கைக்கு வந்து, அணுமின்சாரத்துக்கு நாடு எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறது என்று ஆராய்ந்தது. ஒரு நாடு ஆயத்தம் செய்ய வேண்டியவை என்று அந்த முகவரகம் வகுத்திருக்கும் 19 விடயங்களில், சம்பந்தப்பட்ட மக்களை ஈடுபடுத்துவதும் ஒன்று. முதலாவது கட்டத்திலிருந்தே அது தொடங்க வேண்டும் என்பது அவர்களுடைய வழிகாட்டல். ஒப்பந்தம் எழுதி முடித்த பின் மண்டபம் ஒன்றில் கூட்டி வைத்து விளக்குவதற்குப் பெயர் ஈடுபடுத்தல் அன்று.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் மாவட்டத்துச் சம்பூர் காரணம். 2006 இல் போரினால் சம்பூரை விட்டு ஓடியவர்களில் என் மனைவியின் தமக்கை குடும்பமும் ஒன்று. கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலில் இருந்தபோதுதான், தங்கள் ஊர் நிலம் நிலக்கரி மின்நிலையத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் அறிந்தார்கள். அதுவும் வானொலிச் செய்தியில். அந்த மின்நிலையத்தின் வரைபடத்தையோ, அதற்காகச் செய்யப்பட்ட சுற்றாடல் ஆய்வையோ, தாங்கள் வாசிக்கக்கூடிய மொழியில் எவரும் தங்கள் கையில் தந்ததில்லை என்று அத்தான் இறக்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். 500 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்ட அந்த நிலையம் கைவிடப்படுவதாக 2016 செப்டெம்பரில் உயர் நீதிமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. மாற்றம் நல்லதே, நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் நிலக்கரி போய்ச் சூரியன் வந்தபோதும், நிலத்தை இழந்தவரிடம் முதலில் கேட்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. புகையில்லாத மின்சாரமும் ஒருவரைச் சொல்லாமல் கொள்ளாமல் பெயர்த்துவிட்டு வருமானால், அவருக்கு அது தூய மின்சாரமாக இராது.

ஆகையால் அதிகாரிகளிடம் என் வேண்டுகோள் இது. முகவரகத்தின் மீளாய்வு முடிவுகளும், அணுமின் நிலையத்துக்கான இட ஆய்வுகள் எவையேனும் செய்யப்பட்டிருந்தால் அவையும், அரசகரும மொழிகளில் ஒன்றான தமிழில் முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டு, குச்சவெளி, மூதூர், திருகோணமலை ஆகிய இடங்களின் பொது நூலகங்களில் வைக்கப்பட வேண்டும். சுருக்கம் போதாது, கணக்குகளும் வரைபடங்களும் வேண்டும். சுற்றாடல் சட்டம் தரும் 30 நாள் கருத்துக் கேட்பு ஓர் அணு உலைக்குப் போதாது. குறைந்தது ஓராண்டு தர வேண்டும். விபத்து நேர்ந்தால் நட்டஈட்டை யார், எவ்வளவு, எத்தனை நாட்களுக்குள் கொடுப்பார் என்பது இடம் தெரிவதற்கு முன்பே சட்டமாக வேண்டும்.

அந்த ஆவணங்கள் தமிழில் வருமானால், மீனவர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் விரும்பும் மாலை வேளைகளில் அவற்றைப் பக்கம் பக்கமாக வாசித்து விளங்கப்படுத்த நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னிடம் படித்து இன்று பொறியியலாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருப்போர் சிலர் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் நாங்களே கொண்டுவருவோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.